துவக்கில் முளைத்த கடலை

மனதில் இருப்பதைச் சொல்ல வாய் வராதவன் கையில் ஏதாவது ஒரு கருவியைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கருவியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவான். இது நான் எங்கும் படித்ததல்ல, சொந்த அனுபவம்.

கொட்டகலைக்கு மேலே, தேயிலை மலையில், பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். விருந்தினருக்குப் பங்களாவைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. (இங்கிலீஷ் சுமார்தான். ஆனா நிறுத்தாம பேசுவேன். பாதிப் பேருக்கு அது போதும்.) வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள், விளக்கு வெளிச்சத்தில், அங்கே குடியிருந்த முதல் துரையின் ரிவால்வர். சுட முடியாதபடி அதன் சுத்தியலைக் கழற்றி, குழாயை அடைத்து, காட்சிப் பொருள் என்று அரசாங்கத்தில் பதிந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் அதன் மரப்பெட்டி. வெல்வெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குழி. மருந்து கொட்டும் செப்புக் குடுவை இருந்தது, திருகுச் சாவி இருந்தது. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கும் அச்சு மட்டும் இல்லை. பாக்குவெட்டி வடிவத்தில் அதன் குழி காலியாகக் கிடந்தது.

இப்போதுள்ள தோட்டாக்கள் வருவதற்கு முந்திய துவக்கு அது. உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைக்க வேண்டும். குழாய்க்கு அடியில் மடித்திருக்கும் கம்பியை இறக்கி அமுக்கினால் குண்டு உள்ளே போகும். அளவு சரியாக இருந்தால் ஓரத்து ஈயம் மெல்லிய வளையமாகச் சீவிக்கொண்டு வரும். அதன்மேல் கொழுப்புத் தடவ வேண்டும். பிறகு பின்பக்கம் அறைக்கொரு செப்புத் தொப்பி. ஆறு தடவை சுட இவ்வளவு பாடு. எல்லாவற்றையும் யூடியூப்பில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். துரைக்காக அல்ல, ஸ்டெல்லாவுக்காக.

ஸ்டெல்லா ராகலைப் பெண். வரவேற்பு மேசையில் வேலை. மேசைக்கு எதிரேதான் கண்ணாடிப் பெட்டி. அதனால் வேறு எந்த அறையிலும் நில்லாத நான், துவக்கின் முன்னால் மட்டும் அரைமணி நேரம் விளக்கம் கொடுப்பேன். விருந்தினர் கால் மாற்றி நிற்பார்கள். அவள் கணினியைப் பார்த்தபடியே சிரிப்பாள். என்னை அவள் ஒருமுறைகூட 'அண்ணே' என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பல மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

அவளுக்குக் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று, "இவ்வளவு நாளும் வாயாலதானே சுட்டீங்க. ஒரு தடவை நெசமா நெரப்பிக் காட்டுங்களேன்" என்றாள்.

அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு செய்முறை. பெட்டிச் சாவி என்னிடம்தான் இருந்தது. கருமருந்துக்குப் பதில் தேயிலைத் தூள். (பாக்க அப்படியே கருமருந்துதான்.) ஈயத்துக்குப் பதில், சாயங்காலம் தாளிப்பதற்காகச் சமையலறையில் ஊறிக்கொண்டிருந்த கடலை. கொழுப்புக்கு மாஜரின்.

"இது என்னங்க, சுண்டலா?"

"குண்டுன்னு நெனச்சுக்குங்க."

"துரை பசிச்சா துவக்கையே தின்னுருப்பாரு போல."

ஐந்து அறைகளை நான் நிரப்பினேன். "கடைசி ஒண்ண நான் போடுறேன்" என்று வாங்கிக்கொண்டாள். கடலையை வைத்துக் கம்பியை இழுத்தாள். "எறங்க மாட்டேங்குதே?"

"இறுக்கி அமுக்குங்க" என்றேன். நான் அவளிடம் பேசியதிலேயே உரிமையோடு பேசிய வார்த்தை அதுதான்.

அமுக்கினாள். கடலைத் தோல் வளையமாகச் சீவிக்கொண்டு வந்தது. அதை எடுத்துச் சுண்டுவிரல் நுனியில் மாட்டி என்னிடம் நீட்டினாள். "பாருங்க, மோதிரம்!"

இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை யாரும் தட்டில் வைத்துத் தர முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு நான் சொன்னேன்:

"அளவு சரியா இருந்தா அப்படித்தான் வரும்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. "வர்றேன் ரவி" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வேன் தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்குவதைக் கண்ணுக்கு எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் மாஜரின்.

அன்றைக்கே எல்லாவற்றையும் கிளறி எடுத்திருக்க வேண்டும். ஊசியோடு உட்காரவும் செய்தேன். ஆறாவது அறையைப் பார்த்தபோது கை போகவில்லை. அது அவள் அமுக்கியது. துவக்கை அப்படியே, அறைகளின் வாய் சுவர்ப் பக்கம் இருக்கும்படி, உள்ளே வைத்துப் பூட்டினேன். காலையில் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நிற்பேன். என் பொறுப்புணர்ச்சியை மேனேஜர் பண்டார மாத்தயா மெச்சினார்.

ஊறின கடலை, ஈரத் தேயிலை, இரவும் பகலும் எரிகிற விளக்கின் சூடு. அடுத்த வாரம் இங்கிலாந்திலிருந்து அந்தத் துரையின் கொள்ளுப்பேத்தி வந்தார். வயதான அம்மா. காணாமல்போன குண்டு அச்சு அவர் வீட்டில் இருந்தது. அதைக் கேட்டுப் பண்டார மாத்தயா மாதக்கணக்காகக் கெஞ்சியிருந்தார். அம்மா அச்சைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதலில் துவக்கைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை. மாஜரினைப் பிளந்துகொண்டு ஆறு அறைகளிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக முளைகள் வால் நீட்டியிருந்தன. ஆறாவதுதான் எல்லாவற்றையும்விட உயரம். நுனியில் பச்சையும் கட்டியிருந்தது.

"ரவி, மே மொகத?" இது என்ன என்று கேட்க மாத்தயாவுக்கு அதிர்ச்சியில் சிங்களம்தான் வந்தது.

"கடலை, சேர்."

இப்போது தமிழுக்கு வந்தார். "கடலைன்னு தெரியுது. என்னாத்துக்குக் கடலை?"

"எடுக்க மறந்துட்டேன் சேர்" என்றேன். அவளை மறந்திருந்தால் எடுத்திருப்பேனே!

அந்த அம்மா துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை போயிற்று, அச்சும் போயிற்று என்று நான் நினைத்தபோது அவருடைய தோள் குலுங்கியது. "இந்த மலையில் எதைப் போட்டாலும் முளைக்கும் என்று எங்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்வார்கள். இவ்வளவு உண்மையென்று தெரியாது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சை அதன் குழியில் வைத்தார்.

ஆறையும் நோண்டி எடுத்துக் குப்பையில் போடும்படி மாத்தயா உத்தரவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஐந்து பிய்ந்து பிய்ந்து வந்தன. ஆறாவது முழுசாக வந்தது. அதையும் போட்டேன்.

அன்று மாலையே என்னைச் சமையலறைக்கு மாற்றினார். "கடலை உனக்கு நல்லா வருது" என்றார். இன்றைக்கு அங்கே நான்தான் தலைமைச் சமையல்காரன்.

எனக்குக் கல்யாணமாகிவிட்டது, பெரிய மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வெள்ளிக்கிழமை வீட்டில் சுண்டல் வைத்தால் என் மைத்துனன் கிண்ணத்தைத் தூரப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இது லோட் பண்ணதா, பண்ணாததா?" என்பான். மகள் காதைப் பொத்திக்கொள்வாள். "இந்த மனுசனோட ஞாபகசக்திய நம்பித்தான் நான் குடும்பம் நடத்துறேன்" என்று மனைவி விருந்தாளிகளுக்கு நான் எடுக்க மறந்த கதையைச் சொல்வாள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

ஸ்டெல்லா கட்டாரிலிருந்து எங்கே போனாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வேன் போன பிறகு நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது அவள்தான்.