சல்லடைக்காரரின் ஊறிய தவிடு

காலை ஆறு பத்து. நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சல்லடை. அதில் பன்றி விட்டையைப் போட்டு, வாளித் தண்ணீரை ஊற்றி, ஒருவர் நிதானமாக அலசிக்கொண்டிருந்தார்.

சேர்வராயன் மலையில் காப்பி விலையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் இல்லை. பன்றியின் ஜீரணத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். ஊர் அவரைச் சல்லடைக்காரர் என்றது. எழுபதுகளின் கடைசி அது. நான் ஒரு நாளிதழின் ஏற்காட்டு நிருபர்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"பரீட்சைப் பேப்பர் திருத்தறனுங்க சாமி." சல்லடையை என் மூக்கருகே நீட்டினார். "போட்ட தவிடு போட்டபடியே வந்திருக்குது பாருங்க. பன்னி பெயிலுன்னு நெனைக்காதீங்க. ஆக்கிப் போட்டவன் பெயிலு."

தவிட்டையும் சோளக் குருணையையும் அப்படியே கொட்டினால் பாதி செரிக்காமல் போகிறது என்று கண்டுபிடித்திருந்தார். அதனால் நைசாக அரைத்து, இரண்டு நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டார். பதம் பார்க்க விரலால் தொட்டு நக்குவார். "புளிப்பு இன்னும் பத்தலீங்க." பன்றிகள் தின்ற பிறகு ஒரு மணி நேரம் பட்டியருகே யாரும் இருமக்கூடாது. "மெதுவாப் பேசுங்க, செரிச்சிட்டிருக்குது."

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்த கூட்டத்தின் முன் சல்லடையைத் தூக்கிப் பிடித்தார். "பாருங்க, ஒண்ணுமே இல்லீங்க! அத்தனையும் ஒடம்புல சேந்திருச்சு!" பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். பாதிரியார் வந்த வழியே உள்ளே போய்விட்டார்.

இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. எழுதும் முன் அவரிடம் கேட்டேன்: "இத்தனை நாளா சலிச்செடுத்த தவிட்டை என்ன பண்ணுனீங்க?"

"காப்பிச் செடிக்குப் போட்டனுங்க. பின்ன, பன்னிக்கே திருப்பிப் போடுவாங்களா?"

நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனால் நான் எழுதி அச்சில் வந்தது வேறு: 'சலித்தெடுத்த தவிடு எங்கே போகிறது என்பது அவருக்கும் அவருடைய பன்றிகளுக்குமே வெளிச்சம்.' டீக்கடையில் உரக்கப் படித்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு யோசித்தார்கள்.

கிறிஸ்துமஸ் கறிக்காக ஐந்து பன்றிகளை வளர்த்திருந்தார். முன்பே சொல்லிவைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து வேண்டாம் என்றன.

பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கோபம் இல்லை.

"நொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சாமி. நாஞ் சொன்னதுல ஒரு வரி மட்டும் உட்டுப்போச்சு. பேப்பர்ல எடமில்லீங்களா?"

"ஆமாங்கண்ணா. இடமில்லை."

"அந்த ஒரு வரிய இப்பப் போட முடியுங்களா? பண்டிகைக்கு இன்னும் பத்து நாள் இருக்குதுங்க."

பார்க்கிறேன் என்றேன். அந்த வரியைப் போட்டால், தெரிந்தே விட்டதை ஆசிரியரிடம் சொல்ல வேண்டியிருக்கும். நான் எழுதவில்லை.

அவர் போனதும் என் மனைவி கேட்டாள். "ஏனுங்க, நெசமாவே அதையே திருப்பிப் போடறாரா?"

அவர் சொன்னதைக் குறித்திருந்த நோட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

அந்தக் கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டிலும் கோழிக்கறி.