ஓட்டையில்லாத தடுப்புச் சுவர்

தொழிலில் கெட்டிக்காரன் வீட்டுக்கு ஆபத்தானவன். ஆம்பூர் தோல் ஃபேக்டரி ஒன்றில் தரம் பார்க்கிறவன் நான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குண்டூசி முனையளவு துளை தெரிந்தாலும் அந்தத் தோலை ஓரங்கட்டிவிடுவேன். (பெண் பார்க்கப் போனபோது தன்னையும் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்ததாக என் மனைவி கலைவாணி சொல்வாள். அபாண்டம்.)

எங்கள் மனை மலையடிவாரச் சரிவில் இருக்கிறது. மண் சரிந்து கீழ்வீட்டு பஷீர் பாயின் பின்முற்றத்தில் விழாமலிருக்க ஆளுயரத் தடுப்புச் சுவர் தேவைப்பட்டது. நகராட்சியில் முறைப்படி அனுமதி வாங்கினேன். அவர்கள் ஒப்புக்கொண்ட பிளானில், சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைத்தண்ணீர் வடிய வரிசையாகத் துளைகள் காட்டியிருந்தார்கள். மேஸ்திரியும் அப்படியே கட்டியிருந்தார். பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"இன்னா மேஸ்திரி, புதுச் சுவர்ல இவ்ளோ ஓட்டை? அடைச்சிடுங்க."

பிளானில் இருக்கிறதே என்றார். பிளான் போட்டவருக்குத் தரம் தெரியாது என்றேன். அடைத்து, பூசி, பெயிண்டும் அடித்தாயிற்று. சுவரைத் தடவித் தடவிப் பூரித்துப்போனேன்.

ஐப்பசி வந்தது. நாலு நாள் விடாத மழை. பாயின் மூத்த மகள் நஸ்ரீனுக்கு நிக்காஹ். மழை விட்ட அன்று காலை, பின்முற்றத்தில் பிரியாணி தேக்சாவை அடுப்பில் ஏற்றப்போகும் நேரத்தில், என் சுவர் நிறைமாத வயிறு போல முன்னே தள்ளியது. சமையல்காரர்கள் தேக்சாக்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுவர் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அடுப்பு, விறகு, பந்தல் எல்லாம் சேற்றுக்கடியில். வாணியம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேறு கிளம்பிவிட்டார்கள். பாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கலைவாணி எங்கள் கேட்டை அகலத் திறந்தாள். "பாய், நம்ம வீட்ல ஏத்துங்க. அப்புறம் இவரைத் திட்டிக்கலாம்."

கார் ஷெட்டில் அடுப்பு மூண்டது. ஹாலில் பந்தி. என் கட்டிலில் மாப்பிள்ளையின் பெரியப்பாக்கள் சாய்ந்திருந்தார்கள். பெண் வீடு கீழே இருக்க விருந்து ஏன் இங்கே என்று சம்பந்தி கேட்டார். நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் நழுவப் பார்த்தேன். பாய் அசரவில்லை.

"எங்க தெரு வழக்கம் சம்பந்தி. கீழ் வீட்ல நிக்காஹ்னா மேல் வீட்லதான் விருந்து."

சம்பந்தி இதை வாணியம்பாடி முழுக்கப் புகழ்ந்துவிட்டார். இரண்டாவது மகளுக்கு நாள் குறித்தபோது, மேல் வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சா என்பதுதான் புது சம்பந்திகள் கேட்ட முதல் கேள்வி. அந்த விருந்தும் இங்கேதான் நடந்தது. சுவரைத் துளைகளோடு திரும்பக் கட்டிவிட்டேன். அது நன்றாகவே நிற்கிறது, வழக்கம் அதைவிட உறுதியாக நிற்கிறது. பாயின் கடைசி மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். எங்கள் ஹாலுக்குப் பச்சை பெயிண்ட் வேண்டாம், போட்டோவில் நன்றாக வராது என்று போன வாரம் கலைவாணியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.