துப்பல் டொக்டரும் நாலு காதும்

வன்னியில் ஒருவர் முன்னால் நின்று “துப்புங்கோ” என்று சொல்லிவிட்டு, அடி வாங்காமல் தேத்தண்ணியும் முறுக்கும் வாங்கித் தின்ற ஒரே மனிதப் பிறவி எங்கள் துப்பல் டொக்டர்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவருக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் கலாநிதி என்ற பட்டமும் உண்டு. ஒட்டுசுட்டானில் இரண்டையும் எவரும் சீண்டவில்லை. பரம்பரையாக வரும் காது கேளாமையை ஆராய்வதற்காக அவர் வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழாய்களில் துப்பல் சேர்த்தார். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீரூற்று ஊரில் விஞ்ஞானப் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வேலைக்குக் காத்திருந்த என்னை உதவியாளராக எடுக்கும்போது இரண்டே கேள்விதான் கேட்டார். “ஸ்கூட்டி ஓடுவியா? வாயை மூடிக்கொண்டு இருப்பியா?” முதலாவதற்கு மட்டும் உண்மை சொன்னேன்.

உள்காது என்பது நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுற்றிய சின்னக் குழாய். அதை விளக்காமல் டொக்டருக்கு எந்த வீட்டிலும் தேத்தண்ணி இறங்காது. தட்டில் முறுக்கு வந்தால் கண் மின்னும். ஒன்றை எடுத்துச் சுற்றை எண்ணுவார். இரண்டரைக்கு மேலே இருப்பதைக் கடித்துத் தின்று அளவாக்குவார். மிச்சத்தைத் தூக்கிப் பிடித்துப் பாடம் தொடங்குவார். “இதுக்குள்ளை முழுக்கத் தண்ணி. தண்ணிக்குள்ளை மயிர் வைச்ச மாதிரிக் கலங்கள். சத்தம் வந்தால் மயிர் ஆடும். ஆடினால்தான் கேக்கும்.” வீட்டுக்காரர் முறுக்கைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் காதைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாலு வீடு போன நாளில் டொக்டருக்கு இராச்சாப்பாடு தேவைப்படாது.

துப்பல் எடுக்க ஒரு விதி உண்டு. அதற்கு முன் அரை மணித்தியாலம் வாயில் எதுவும் போடக்கூடாது. கந்தையா அப்புவின் வாயில் வெற்றிலை இல்லாத அரை மணித்தியாலத்தை அவர் மனைவியே கண்டதில்லை. மூன்று நாள் போனோம். மூன்று குழாயும் சிவப்பு.

“அப்பு, வெத்திலை போடாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்?”

“போடேல்லைப் பிள்ளை. முதலே போட்டதைத்தான் வைச்சிருந்தனான்.”

நாலாம் நாள் டொக்டர் அவர் முன்னால் கதிரையைப் போட்டு, மணிக்கூட்டை மடியில் வைத்துக் காவலிருந்தார். இருபதாவது நிமிடம் அப்பு கும்பிட்டார். “என்ரை காதை வேணுமெண்டால் வெட்டி எடு மோனை. வாயை விடு!”

இதைவிடப் பெரிய தொல்லை குடும்ப மரம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், காது கேளாதவர் என்றால் உள்ளே கறுப்பு. அதைக் கீறுவதற்கு யார் யாரைக் கட்டினது, சொந்தத்துக்குள்ளா வெளியிலா என்றெல்லாம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கொப்பியோடு வந்து இப்படிக் கேட்பவர் ஒரே ஒருவர்தான்: கலியாணத் தரகர். இரண்டாம் கிழமையே ஒரு தாய் மகனின் சாதகக் குறிப்பைக் கொண்டுவந்து டொக்டரின் கையில் வைத்தார்.

“பெடியன் தங்கமான பெடியன். குடி இல்லை. செவ்வாய் மட்டும் ஏழிலை.”

டொக்டர் ஐந்து நிமிடம் அதைக் கவனமாகப் படித்தார். பிறகு கேட்டார்: “இதிலை காது எந்தக் கட்டம்?”

நான் ஒரு கிழமை சிரித்தேன். பிறகுதான் விளங்கியது. தரகரிடம் மறைப்பதையெல்லாம் சனம் எங்களிடமும் மறைத்தது. காது கேளாத சித்தி, வாய் பேசாத பெரியப்பா எல்லோரும் மரத்தை விட்டுக் காணாமல் போனார்கள். பரம்பரை என்ற சொல் வாசலுக்கு வந்தால், வீட்டில் இருக்கிற குமருக்குச் சம்பந்தம் வராது. ஷெல் விழுந்து காது போனது என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இங்கே ஷெல் விழாத வீடு எது?

யோகமக்காவின் வீட்டுக்கு நாங்கள் முதலில் போனது பொழுதுபடுகிற நேரம். கணவர் கடைசிச் சண்டையில் இல்லாமல் போனார். மகள் துசிக்கு நெடுங்கேணியில் மாப்பிள்ளை பேசி முடிகிற கட்டம். மகன் குகனுக்குப் பதினாறு வயது, பிறந்த வருடமே காது கேளாது என்று தெரிந்துவிட்டது. அம்மாவைவிட ஒரு முழம் உயரம்.

நாங்கள் இருக்கும்போதே காட்டுப் பக்கம் யானையை விரட்ட யானைவெடி வெடித்தது. தேத்தண்ணித் தட்டை அப்படியே விட்டுவிட்டு யோகமக்கா பாய்ந்து போய் மகனின் இரண்டு காதையும் பொத்தினார். அவனும் அவர் கைக்கு எட்டும்படி முழங்காலை மடித்துக் குனிந்து கொடுத்தான். நாளும் நடக்கிற காரியம் போல. காது கேளாத பிள்ளையின் காதை!

டொக்டர் முறுக்கைக் கீழே வைத்தார். அவர் பாடம் எடுக்காமல் முறுக்கு வைத்ததை அன்றுதான் கண்டேன்.

“பங்கர் குழிக்குள்ளை நானும் இரண்டு பிள்ளையளும்,” என்றார் யோகமக்கா, யாரும் கேட்காமலே. “இவளுக்கு ஆறு வயசு, பயத்திலை கத்துறாள். இவன் கைக்குழந்தை, மடியிலை நித்திரை. நாலு காது, எனக்கு இரண்டு கை. நித்திரை கொள்ளுறவனுக்கு என்ன எண்டு இவளின்ரை காதைப் பொத்தினன். ஷெல் கிட்டத்தான் விழுந்தது. அவன் எழும்பவேயில்லை, டொக்டர். அப்பவே காது போயிட்டுது. நான்தான் பொத்தாமல் விட்டனான்.”

எனக்குள் மின்னல் மாதிரி ஒன்று வெட்டியது. வாயைத் திறந்தேன். டொக்டரின் செருப்பு என் காலை நசுக்கியது.

“உங்கடை பக்கத்திலை காது கேளாத ஆக்கள் ஆரும் இருந்தவையோ, அக்கா?”

“ஒருத்தரும் இல்லை.” பதில் சட்டென்று வந்தது. துசி நிலத்தைப் பார்த்தாள்.

துப்பல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். படலையடியில் பக்கத்து வீட்டுப் பெண் என் காதுக்குள் சொன்னார்: “யோகத்தின்ரை பெரியம்மா ஒருத்தி செவிடு. அவள் சொல்லமாட்டாள்.” நான் ஸ்கூட்டியில் வைத்தே குடும்ப மரத்தில் ஒரு வட்டம் போட்டுக் கறுப்பாக்கினேன். டொக்டர் அழிறப்பரை எடுத்து அதை அழித்தார்.

“அவா தராததை நாங்கள் எடுக்கேலாது.”

“ஆனால் உண்மை, டொக்டர்! அவன் எழும்பேல்லை எண்டால், முதலே கேக்காமல்...”

“எனக்கும் விளங்கிச்சுது. சோதனை முடிவு வரட்டும். இப்ப ஆறுதல் சொல்லி, நாளைக்குப் பிழைச்சால், அந்த மனுசியை இரண்டாந்தரமும் கொல்லுறம்.”

கடதாசியில் அழித்த தழும்பு மட்டும் மிஞ்சியது.

முடிவு வர மாதங்கள் எடுத்தன. வந்த அன்றே டொக்டர் ஓர் அடைக்கோழி வாங்கினார். அவருடைய ஆய்வுகூடத்தில் கோழிமுட்டைக்குள் காது எப்படி உருவாகிறது என்றுதான் பார்ப்பார்கள். இங்கே கரண்ட் போய்ப்போய் வரும் என்பதால் சூடாக்கும் பெட்டியை அவர் நம்பவில்லை. முட்டைகளை அடைவைத்து, கோழிக்குப் பேராசிரியர் என்று பெயர் வைத்தார். “நேரத்துக்கு வேலை செய்யுது, கூட்டம் வைக்கேல்லை.” மூன்றாம் நாள் பேராசிரியர் கூடையோடு ஸ்கூட்டியில் ஏறியது. அதற்குப் பின்னால் நுணுக்குக்காட்டியை அணைத்தபடி டொக்டர். ஒட்டுசுட்டான் சந்தியில் நின்ற பஸ் முழுவதும் எழுந்து பார்த்தது.

யோகமக்காவின் முற்றத்தில் வைத்து ஒரு முட்டையின் ஓட்டைச் சின்னக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டித் திறந்தார். முதலில் குகன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

“ஓரத்திலை ஒரு குமிழ் தெரியுதோ? அதுதான் காது,” என்றார் டொக்டர். “செட்டையும் இல்லை, சொண்டும் இல்லை. மூண்டு நாள்தான். காது தொடங்கியிட்டுது. எங்களுக்கும் வயித்துக்குள்ளையே செய்து முடிஞ்சிடும். குகனுக்கு அங்கையே ஒரு பிழை நடந்திட்டுது, அக்கா. துப்பலிலை தெரிஞ்சிட்டுது. நீங்கள் பாதி குடுத்தனீங்கள், அவர் பாதி குடுத்தவர். இரண்டு பேருக்கும் தெரியாது.”

யோகமக்கா முட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்த ஷெல்லுக்கு அவன் எழும்பேல்லை எண்டு சொன்னனீங்கள். அதுக்கு முதல் விழுந்ததுகளுக்கு எழும்பினவனோ?”

“இல்லை. சத்தத்துக்கு அழாத பிள்ளை, குணமான பிள்ளை எண்டு எல்லாரிட்டையும் பெருமையாச் சொன்னனான்.” பிறகு, “அப்ப... நான் பொத்தியிருந்தாலும்?”

“பொத்தியிருந்தாலும்.”

அழுவார் என்று நினைத்தேன். அவர் துசியைப் பார்த்தார். “பரம்பரை எண்டு நெடுங்கேணிக்குத் தெரிஞ்சால், இவளின்ரை காரியம்?”

“என்ரை மரத்திலை பேர் இல்லை. வட்டமும் சதுரமும்தான் கொண்டுபோறன். வெளியிலை என்ன சொல்லுறதெண்டது உங்கடை விருப்பம்.”

“நான் அவரிட்டைச் சொல்லுறன்,” என்றாள் துசி. “என்ரை காதைப் பொத்தினதுக்காக அம்மா இவ்வளவு வருசம் சுமந்தது காணும்.”

“எடி, யோசிச்சுக் கதை!”

“யோசிச்சிட்டன் அம்மா. ஷெல் எண்டு சொல்லிக் கட்டினால், நீங்கள் சாகுமட்டும் பொத்திக்கொண்டுதான் திரியவேணும்.”

யோகமக்கா கையை நீட்டிக் குடும்ப மரக் கடதாசியை வாங்கினார். அழித்த தழும்பு இருந்த இடத்தில் விரலை வைத்தார். அவர் டொக்டரின் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து அதிலேயே ஒரு வட்டம் கீறி, மெதுவாக, வெளியே போகாமல் கறுப்பாக்கினார்.

“என்ரை பெரியம்மா. நல்லாச் சிரிப்பா.”

அந்த நேரம் பார்த்து யானைவெடி வெடித்தது. குகன் அம்மாவின் தோள் திடுக்கிட்டதைக் கண்டு, வழக்கம்போல முழங்காலை மடித்துக் குனிந்தான். கை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். யோகமக்கா கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் தன்னுடைய காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை எங்கள் அறை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நெடுங்கேணி மாப்பிள்ளை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டார்:

“நானும் துப்பவேணுமோ, டொக்டர்?”

“வெத்திலை போடுவீங்களோ?”

“இல்லை.”

“அப்ப நல்ல மாப்பிள்ளைதான்,” என்று டொக்டர் குழாயை நீட்டினார்.

ஆராய்ச்சி முடிந்து போகும்போது பேராசிரியரை யோகமக்காவிடம் விட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்த அழிறப்பரைத் தந்தார். நான் இப்போதும் கடையில் முட்டை வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். சேவல் மிதிக்காத பண்ணை முட்டை, உள்ளே காது இராது என்று தெரியும். இருந்தாலும் அதன் பக்கத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் கதைக்கிறேன்.