கடப்பாறை பாயின் காது

சைக்கிளில் கடப்பாறையைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குத் தொழப் போன ஒரே மனிதர், தமிழ்நாட்டிலேயே எங்கள் கடப்பாறை பாய்தான். சந்தேகம் இருப்பவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும், நான் எழுதுவதையே நிறுத்திக்கொள்கிறேன்.

அறுபதுகளில், திருப்பூரில் நான் குமாஸ்தாவாக இருந்த பனியன் கம்பெனியில் அவர் ஃபிட்டர். மெஷினில் கோளாறு என்றால் மற்ற ஃபிட்டர்கள் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். பாய்க்கு அதெல்லாம் போதாது, கடப்பாறைதான் வேண்டும். ஒரு முனை மெஷினில், மறுமுனை காதில், கண் இரண்டும் மூடியிருக்கும். புதிதாக வந்தவர்கள் மெஷினுக்கு ஏதோ ஓதுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

சனிக்கிழமை சங்கு ஊதியதும் கடப்பாறையும் கயிறும் தையல் கோணிப்போன பனியன் மூட்டையும் சைக்கிளில் ஏறும். அவிநாசி வழியாக மேட்டுப்பாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் இருளர்கள் குடியிருக்கும் பதிக்குப் போய்விடுவார். கோடையில் அங்கே ஓடை வற்றிவிடும். குட்டையில் தேங்கியதைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். மூங்கில் ஏற்றப் போன உறவுக்காரரோடு ஒருமுறை போனவர், அப்படி ஒரு குழந்தையைப் புதைப்பதைப் பார்த்துவிட்டார். அன்று முதல் அவர் வாயில் கிணறு தவிர வேறு பேச்சில்லை.

பதியில் அத்தனை பேரும் எங்கள் பனியனைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, கழுத்து மட்டும் படுதாராளம். ரோந்து வந்த ஃபாரஸ்ட் கார்டு, ஸ்ட்ரைக் செய்த திருப்பூர்த் தொழிலாளிகள் காட்டில் ஒளிந்திருப்பதாக மேலே சொல்லிவிட, முதலாளியே போய் விளக்க வேண்டியதாயிற்று.

ஜமாத் தலைவருக்கு வேறு வருத்தம். இத்தனை நாள் போகிறாயே, எத்தனை பேரைக் கலிமா சொல்லவைத்து மார்க்கத்தில் சேர்த்தாய் என்று கேட்டார். கம்பெனியில் எங்கள் இந்து ஆட்களும் அதே கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் பாய் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"கைகால் கழுவக்கூடத் தண்ணியில்லாதவங்களுக்குத் தொழுகையப் பத்தி என்னத்தைங்க சொல்றது? மொதல்ல தண்ணி வரட்டுங்க. மத்ததை அல்லா பாத்துக்குவான்."

இரண்டு தரப்புக்குமே அது பிடிக்கவில்லை.

பதி ஆட்களோடு சேர்ந்து வாராவாரம் தோண்டிய கிணற்றில் தண்ணீரும் வந்தபாடில்லை. பாதி ஆழத்தில் பாறை. வெடி வைத்தார்கள். திரி புகைந்து அடங்கியதே தவிர வெடிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். பாய் ஃபிட்டர் அல்லவா? ஓடாமல் நின்றுபோன எதையும் காது கொடுத்துக் கேட்காமல் அவரால் இருக்க முடியாது. கிணற்று மேட்டில் குனிந்து, மேடு வரை நீண்டிருந்த அந்தப் பாறையின் முனையில் கடப்பாறையை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்தார்.

அப்போதுதான் அது வெடித்தது.

உயிர் தப்பியது. காது இரண்டும் போயிற்று. பாறையின் வெடிப்பில் ஊற்று கிளம்பியது. எல்லோரும் கத்திக் கூத்தாட, இவர் ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டு நின்றாராம். பதியின் பெரியவரான மூப்பன்தான் அவரைக் கீழே இறக்கி, கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தாராம்.

காது கேட்காத ஃபிட்டரைக் கம்பெனி என்ன செய்யும்? பண்டல் கட்டப் போட்டார்கள். உணவு இடைவேளையில் மெஷின்களுக்கு நடுவே வந்து வெறுமனே நிற்பார். சில வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கோணல் பனியன் போட்ட கூட்டமொன்று மேளமும் குழலுமாகக் கபர்ஸ்தானுக்குள் நுழைந்தது. அவர்கள் வழக்கத்தில் மேளமில்லாமல் சாவு கிடையாது. ஜமாத் தலைவர் பதறிப்போய், எங்கள் மார்க்கத்தில் சாவுக்கு மேளம் ஆகாது என்று தடுத்தார்.

மூப்பன் மெதுவாகச் சொன்னார். "தெரியுமுங்க சாமி. பாய்க்குக் காது கேக்காதுங்களே, அதான் பக்கத்துல நின்னு அடிக்கலாம்னு வந்தோம். எங்க கெணத்துக்குக் குடுத்த காதுங்க."

தலைவர் அவர்களைக் கபர்ஸ்தான் வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

"உள்ள வேண்டாமுங்க. சொவத்துக்கு அந்தப் பக்கமா நில்லுங்க," என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "சத்தமாவே அடிங்க."

அடித்தார்கள். நான் உள்ளே, பாயின் குழியோரச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்காக யாராவது கேட்க வேண்டுமே.