டோர்ச் நானாவிடம் நான் சொன்ன பொய்

மாத்தளை டவுனில் லெப்டொப் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது முழு உண்மை பேசியிருக்கிறார்கள் என்றால், அதற்கு எங்கள் தெரு டோர்ச் நானாதான் காரணம். மற்றப் பாதியில் நான் ஒருவன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கமாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

நானா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். அவருக்குத் தொழில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பது. லெப்டொப் பழுது பார்ப்பது தொழில் இல்லை, பைத்தியம். யார் வீட்டிலாவது ஒரு மெஷின் படுத்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், கடையைப் பூட்டிவிட்டு, பழைய பிஸ்கட் டின்னில் ஸ்க்ரூ டிரைவர்களைப் போட்டுக்கொண்டு, கராம்பு வாசனையோடு வாசலில் வந்து நிற்பார். கூப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. கையில் எப்போதும் ஒரு டோர்ச் இருக்கும். திரை கறுத்துப்போன லெப்டொப்பை ஜன்னல் சாத்திய அறைக்குள் கொண்டுபோய், டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மூக்கு திரையில் முட்டும்வரை குனிந்து பார்ப்பார். மங்கலாகவாவது படம் தெரிந்தால் வீடே அதிரும்படி கத்துவார்.

"உசிர் ஈக்குது! லைட்டு மட்டும்தான் போயிருக்கு!"

வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்கள் மாதிரிப் பெருமூச்சு விடுவார்கள்.

அடுத்ததாக அடுப்படிப் பக்கம் திரும்புவார். "தங்கச்சி, பணியாரச் சட்டி ஈக்குதா?" கழற்றும் ஸ்க்ரூக்களைப் போட அவருக்கு அந்தச் சட்டிதான் வேண்டும். ஒரு குழிக்கு ஒரு சாதி ஸ்க்ரூ. லெப்டொப் மூடும்வரை அந்த வீட்டில் பணியாரம் கிடையாது. ஒருமுறை எங்கள் வீட்டு லெப்டொப்பின் காற்றாடியில் சேர்ந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, சட்டியில் ஒரே ஒரு ஸ்க்ரூ மிஞ்சிக் கிடந்தது. வேறு ஆளாக இருந்தால் சத்தமில்லாமல் பொக்கட்டில் போட்டிருப்பார். நானா முழுவதையும் மறுபடி கழற்றினார்.

"நானா, அதுதான் வேலை செய்யுதே, விடுங்க" என்றேன்.

"ஒரு எலும்ப வெளிய வெச்சிட்டு மனுசன தைப்பாங்களா தம்பி?" என்றார். அன்றைக்கு எங்களுக்கு ராச்சாப்பாடு பேக்கரிப் பாண்தான்.

ஆனால் இதெல்லாம் பிறகு. டின்னைத் திறப்பதற்கு முன்னால் விசாரணை ஒன்று உண்டு. சொந்தக்காரர் அவருக்கு எதிரே கதிரையில் உட்கார வேண்டும்.

"என்ன நடந்த? உள்ளத சொல்லுங்க. விழுந்ததா? ஏதும் ஊத்துப்பட்டதா? தண்ணியா, பிளேன்டியா, பால் தேத்தண்ணியா? ஒவ்வொண்டுக்கும் வைத்தியம் வேற."

மூலை வீட்டு டீச்சர் ஒன்றுமே நடக்கவில்லை, எழுத்துகள் தானாக ஒட்டிக்கொண்டன என்று சாதித்தார். நானா கீபோர்டைத் தூக்கினார். உள்ளே எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "டீச்சர், இவங்க எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்டார். டீச்சர் அந்த இடத்திலேயே உடைந்துபோய், சீனிப் பாகு ஒழுகும் தொதல் தின்றுகொண்டுதான் மார்க்ஸ் ஏற்றுவேன் என்று ஒப்புக்கொண்டார். நானாவின் குரல் சாதாரணமாகவே மூன்று வீட்டுக்குக் கேட்கும். பொழுது சாயும் முன் சந்தையில் மீன் வாங்கியவர்களுக்கெல்லாம் டீச்சரின் எறும்புக் கதை தெரிந்திருந்தது.

அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது, தன் கையில் சாவு இல்லை என்று. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிச் சொல்வார்: "இந்தக் கையால ஒரு மெஷினும் மவுத்தானதில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

இனி என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு யட்டவத்தையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, பெயர்ப் பட்டியல் ஒன்றை முடிப்பதற்காக, யாரிடமும் கேட்காமல் ஒபிஸ் லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை காலை ஒரு கோப்பை பால் தேத்தண்ணியை அதன்மேல் கவிழ்த்தேன். சீனி தாராளமாகப் போட்டது.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானா அவ்வளவு தரம் கத்தியிருக்கிறார். உடனே ஓஃப் பண்ண வேண்டும், சார்ஜரைக் கழற்ற வேண்டும், கவிழ்த்து வைக்க வேண்டும், திறந்து துடைத்துக் காயவைக்கும்வரை திரும்ப ஓன் பண்ணக் கூடாது. முதல் மூன்றையும் செய்தேன். அவரைக் கூப்பிட மட்டும் பயம். அவர் குரல் ஒபிஸ்வரைக்கும் போய்விடும் என்று நினைத்தேன். அதனால் என் மனைவிக்குத் தெரியாமல் லெப்டொப்பை அரிசி வாளிக்குள் புதைத்தேன். "அரிசிக்குள்ள வெச்சா அரிசிதான் கெடும்" என்று நானா நூறு தரம் சொன்னதும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் துடைத்துவிட்டு, ஓன் ஆகவில்லை என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் நல்லெண்ணத்தில் நானாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். "ஏதும் ஊத்துப்பட்டதா தம்பி?"

"இல்லீங்க நானா."

"தண்ணி?"

"இல்லீங்க."

"ஈரக் கையால தொட்டீங்களா?"

"சும்மா இருந்துச்சு நானா. அப்படியே செத்துப்போச்சு."

மூன்று கேள்விக்கும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பொய் சொன்னேன். அவர் நம்பினார். டின்னைத் திறந்தவரிடம், ஸ்க்ரூவுக்கு மேலே ஒபிஸ் ஸ்டிக்கர் இருக்கிறது, கிழிந்தால் எனக்குப் பிரச்சினை என்றேன். அதையும் நம்பினார். "அப்ப வெளிய இருந்தே பாப்பம். ஈரம் இல்லாட்டி பயமில்ல" என்று தன்னுடைய சார்ஜரை எடுத்தார்.

சார்ஜரை ப்ளக்கில் குத்தாதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டேன்.

குத்தினார். பட்டனை அழுத்தினார். 'டப்' என்று ஒரு சத்தம், கீபோர்டுக்குள்ளிருந்து மெல்லிய புகை, கூடவே சீனி கருகிய வாசனை. எனக்கு நன்றாகவே மணத்தது. வருஷக்கணக்காகக் கராம்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த அவருடைய மூக்குக்கு அது எட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"என் கையால போயிட்டே தம்பி" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

திங்கட்கிழமை, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, என்னோடு பஸ் ஏறி யட்டவத்தைக்கு வந்தார். எங்கள் மேலதிகாரி மேடத்துக்கு முன்னால் நின்று, தெளிவான சிங்களத்தில், இந்தத் தம்பி மேல் ஒரு பிழையும் இல்லை, நான்தான் தெரியாமல் எரித்துவிட்டேன் என்றார். மேடம் அதை வாக்குமூலமாக எடுக்கச் சொன்னார். எங்கள் பிரிவில் டைப் அடிப்பது நான். அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். ஓர் எழுத்துப்பிழைகூட விடவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் தோளில் தட்டி, "கவலப்பட வேணாம்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

அதோடு நானா மெஷின் தொடுவதை விட்டார். டீச்சரின் லெப்டொப் திரும்பவும் படுத்தது. "வேற ஆளப் பாருங்க டீச்சர், என் கை சரியில்ல" என்று சொல்லிவிட்டார். என்னைக் காணும்போது மட்டும் தன் வீட்டுக் கேற்றடியில் நிறுத்திக் கேட்பார்.

"தம்பி, அண்டைக்கு நான் ப்ளக்க குத்தின, பட்டன அமத்தின. வேற ஒண்டும் செய்யல்ல. அதுல எது பிழை? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க."

யோசித்துச் சொல்வதாக ஒவ்வொரு முறையும் சொன்னேன். இப்படி மூன்று வாரம். நான்காவது வாரம் அவருடைய வீட்டுப் பக்கம் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். அந்த வழியில் நடந்துபோன முதல் நாளே, என்மேல் எனக்கே அருவருப்பாகிவிட்டது. அன்று காலை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நானாவின் வாக்குமூலத்தை எடுத்து ஒருமுறை வாசித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். பின்னேரம் நேராக நானா வீட்டுக்குப் போனேன்.

"நானா, அன்னைக்கு உங்க மேல பிழை இல்லீங்க. நான் பால் தேத்தண்ணி ஊத்திட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். ஒபிஸ்லயும் இன்னைக்குச் சொல்லிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன்.

"அப்ப... என் கையால இல்லையா?"

"இல்லீங்க நானா."

"இஞ்ச வாங்களே!" என்று உள்ளே திரும்பிக் கத்தினார். மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நான் எரிக்கல்லையாம்! பால் தேத்தண்ணியாம்! சீனி போட்டதாம்!"

அவருடைய மனைவி வெளியே வந்து, என்னை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தார். நானாவோ அதைக் கவனிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கண்ணைத் துடைத்தார், சிரித்தார், டீச்சருடைய லெப்டொப்பை இப்போதே பார்க்க வேண்டும் என்று டின்னைத் தேடிக்கொண்டு ஓடினார். அந்தச் சந்தோஷத்தில் என்னைத் திட்டவே மறந்துபோனார்.

இன்றுவரை திட்டவில்லை. தெருவில் அவரைக் காணும்போதெல்லாம், இன்றைக்காவது ஞாபகம் வந்து திட்டமாட்டாரா என்று, கிட்டப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.