மொட்டை மாடிக் கொடியை வழியனுப்பிய விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும்,

வணக்கம். இங்கே நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் இருமலும் இந்நேரம் உங்களை விட்டுப் போயிருக்கும் என்று நம்புகிறேன். போகாவிட்டால் மேற்படி நம்பிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம்.

இந்தக் கடிதம் உங்கள் மகளைப் பற்றியது. பதற வேண்டாம், உட்கார்ந்தே படிக்கலாம். கல்யாணம் பேசி முடித்த அன்று, "எங்க பொண்ணு அதிகம் பேச மாட்டா" என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சத்தியமான வார்த்தை. அவள் பேசுவதில்லை, ஆனால் மற்றவர்கள் பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்கிறாள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவள், அந்தப் பழக்கத்தை நீதிமன்ற வாசலோடு விட்டுவிட்டு வருவாள் என்று நானும் ஏமாளியாக நினைத்து, எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்கும் வேலையை அவளுக்கே கொடுத்தேன். சங்கத்தின் செயலாளர் நான்தானே.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு கொடிக்கம்பம் உண்டு. நான் செயலாளரானதும் செய்த முதல் காரியம், அதில் தேசியக் கொடியை ஏற்றியது. இரண்டாவது காரியம், அதை மறந்தது. இரண்டு வருட வெயிலும் மழையும் கொடியைப் பார்த்துக்கொண்டன, நான் பார்க்கவில்லை. போன மாதம் ஒருநாள் மாடிப்படி ஓரத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "மேலே தொங்குவது கொடி அல்ல, கந்தல். அதன் கீழே நடந்து போகவே வெட்கமாக இருக்கிறது" என்று எழுதி, கீழே ஒளிவு மறைவில்லாமல் வீட்டு எண்ணும் போட்டிருந்தது. எழுதியவர் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர், ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். அவருடைய வீட்டுக்காரர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர். கொடியைக் கந்தல் என்றுவிட்டானே என்று டாக்டர் குதிக்க, நானும் கூடச் சேர்ந்து குதித்தேன். தேசத்துக்கு நேர்ந்த அவமானம் என்று அன்று உரக்கச் சொன்னேன். செயலாளருக்கு நேர்ந்த அவமானம் என்று உள்ளுக்குள் வலித்ததை உங்களிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு அவசரக் கூட்டம். சலவைக்காரர் கைகட்டாமல் நேராக நின்றார். மன்னிப்புக் கேட்கச் சொன்னோம். "நான் பார்த்ததத்தான் சார் எழுதினேன். அதுல மன்னிப்புக் கேக்க என்ன இருக்குன்னு தெரியல" என்றார். அவ்வளவுதான், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மனிதரின் மனைவிக்கு எட்டாம் மாதம். கூட்டத்தின் ஓரத்தில் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல், தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

உங்கள் மகள் எழுந்தாள். தீர்மானத்துக்கு முன்னால் இதுவரை பேசியதை வாசித்துவிடுகிறேன், அதுதான் முறை என்றாள். முறை என்றால் எனக்கு மறுப்பே கிடையாதே, சரி என்றேன். நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தாள் சம்பந்தி. கோபத்தில் கத்தியதை அந்தக் குரலில் திரும்பக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். "இரண்டாம் மாடிப் பல் டாக்டர்: 'இவன மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் வாயே இருக்கக் கூடாது.'" பின்னாலிருந்து யாரோ, வாயே இல்லையென்றால் டாக்டரின் தொழில் என்ன ஆவது என்று முணுமுணுத்தார்கள். அதையும் எழுதிக்கொண்டாள். அப்புறம் நோட்டில் பின்னோக்கிப் புரட்டி, நான்கு மாதத்துக்கு முந்தைய கூட்டத்தை எடுத்தாள். "மூன்றாம் மாடி வாடகைதாரர்: 'கொடி ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு சார், மாத்திடலாமா?' செயலாளர்: 'கொடி எங்கயும் ஓடிடாது. முதல்ல தண்ணித் தொட்டிக்கு வாங்க.'"

எனக்கு வேர்த்துவிட்டது. கேட்ட ஞாபகமே இல்லை, ஆனால் பேச்சு அசல் என் பேச்சு.

நோட்டை மூடிவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "அவர் எழுதினது பிடிக்கலன்னா பக்கத்துலயே இன்னொரு தாள் ஒட்டுங்க மாமா. வீட்டைக் காலி பண்ணச் சொல்றது பதில் இல்ல. இத்தனை பேர்ல தலைய நிமிர்த்திக் கொடியப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்."

டாக்டர்தான் முதலில் எழுந்து தெருவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொருவராகப் போனோம். நிறமெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, ஓரம் நார் நாராகி, ஒரு நார் ஆன்டெனாவில் சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. கந்தல் என்பது மரியாதையான வார்த்தை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, காலி செய்ய வேண்டாம் என்று சலவைக்காரரிடம் மெல்லச் சொன்னார்.

உடனே இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு வேகம் வந்துவிட்டது. மாடிக்கு ஓடிக் கயிற்றை இழுத்தேன், கப்பி துருப்பிடித்து நகரவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தேன், கயிறு அறுந்து கொடி அப்படியே என் தலைமேல் விழுந்து முகத்தை மூடிக்கொண்டது. தரையில் படக் கூடாதே என்று இரு கைகளாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோலப் படியிறங்கினேன். எங்கே வைப்பது? நாற்காலி உட்காருகிற இடம், கட்டில் படுக்கிற இடம் என்று என் மனைவி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். கடைசியில் நான் கையிலேயே வைத்திருக்க, அவள் என் காதில் போனைப் பிடிக்க, பழைய கொடியை எங்கே ஒப்படைப்பது என்று ஊர் முழுக்கக் கேட்டேன். நகராட்சியில் அது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று கேட்டார்கள்; குப்பை என்ற சொல்லைத் திரும்பப் பெறச் சொன்னேன், வைத்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் யார் கிழித்தது என்றார்கள். காற்று என்றேன், காற்றின் மேல் வழக்குப் போட முடியாது என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில், "இப்ப எரியுதா?" என்றார் ஒருவர். இன்னும் இல்லை என்றேன். எரிந்ததும் கூப்பிடச் சொன்னார்.

மறுநாள் உங்கள் மகள் நீதிமன்ற நூலகத்தில் சட்டத்தையே பார்த்துக் குறித்து வந்தாள். பழுதான கொடியை முழுதாக, மரியாதையோடு, தனியிடத்தில் எரிக்க வேண்டும். கூட்டம் கூட்டிக் காட்சியாக்கக் கூடாது. நான் அதற்குள் ஒலிபெருக்கிக்குச் சொல்லிவிட்டு, ஆறு பக்கத்துக்கு உரையும் எழுதியிருந்தேன். உரை இன்னும் கைவசம் இருக்கிறது, தேவைப்பட்டால் அனுப்புகிறேன்.

குறித்த நாளில் கட்டடத்தின் பின்புறம் நாங்கள் நான்கே பேர். ஒரு நாள் தாருங்கள் என்று கொடியை வாங்கிப்போன சலவைக்காரர், அதைத் துவைத்து, தேய்த்து, நார் ஒன்றுகூட வெளியே தெரியாமல் மடித்து, இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். எரிக்கப் போகிற துணியை ஏன் துவைத்தார் என்று கேட்டேன்.

"அழுக்கோட அனுப்பக் கூடாது சார்" என்றார்.

சுத்தமான இரும்புத் தட்டில் வைத்தோம். டாக்டர் தீக்குச்சி கிழித்தார், மூன்றாவது குச்சிதான் பற்றியது. அடங்கும்வரை அசையாமல் நின்றோம். உங்கள் மகள் அன்று நோட்டுப் புத்தகமே கொண்டுவரவில்லை. சாம்பலை வேலியோரம் புதைத்துவிட்டுத் திரும்பும்போது, ஆஸ்பத்திரியில் கிழிந்த விரிப்புகளைத் தனியே பிரித்துவைக்கும் அலமாரிக்கு 'கந்தல்' என்றுதான் பெயர், வேலையில் நாளெல்லாம் சொல்கிற வார்த்தை என்று சலவைக்காரர் போகிற போக்கில் சொன்னார். இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தாலும் வார்த்தையை மாற்றியிருக்க மாட்டேன் என்றார். அந்த மனிதரையும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது சம்பந்தி.

இன்று காலை, எல்லாரும் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருக்கும்போது, புதுக் கொடியை நானே தனியாக என் கையால் ஏற்றினேன். தெருவில் போகிறவர்கள் இப்போது நின்று, அண்ணாந்து பார்த்து, புன்னகையோடு போகிறார்கள். அந்தப் பூரிப்பைப் பார்க்க நீங்கள் இங்கே இல்லையே. அதைவிடப் பெரிய மாற்றம், இந்தக் கட்டடத்தில் இனி யாரும் எதையும் செயலாளர் முகத்துக்கு நேரே தயங்காமல் சொல்லலாம். இப்படியொரு பெண்ணை வளர்த்துக் கொடுத்ததற்கு உங்கள் இருவருக்கும் என் நன்றி. பெற்ற மகனைப் பற்றி எழுதியிருந்தால் இத்தனை புகழ்ந்திருக்க மாட்டேன், புகழ அவனும் இடம் கொடுத்ததில்லை.

எல்லா நலமும் உங்களைச் சூழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் சம்பந்தி,
செயலாளர், குடியிருப்போர் சங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் மகள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, கொடி தலைகீழா பறக்குது" என்றாள். காலையிலிருந்து அப்படித்தான் பறந்திருக்கிறது. தெருவே பார்த்திருக்கிறது, பல் டாக்டர் இரண்டு முறை வந்து வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போனார், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் மாடிக்குப் போகிறேன். கடிதத்தில் என்னைப் பற்றி நல்லதாக எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.