பேருக்கு ஒரு வேட்பாளர்

"உறுதிமொழியில கையெழுத்துப் போட வக்கீல் மறந்துட்டார். அவர் மனு தள்ளுபடி. இனி நீங்கதாண்ணே நம்ம வேட்பாளர்!" என்றார் கட்சிச் செயலாளர்.

குடை ரிப்பேர்க்காரரின் கையிலிருந்து கம்பி நழுவியது. வக்கீலுக்கு மாற்றாகப் பேருக்கு ஒரு மனு கொடுக்கச் சொன்னார்கள். இல்லையென்று சொல்ல மனம் வராமல் கொடுத்திருந்தார். அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜெயிச்சா தலைநகரத்துக்குப் போயிடுவீங்க. நான் தினம் யாரோட சண்டை போடுவேன்?"

"இன்னிக்குத்தான் கடைசி நாள். வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன்."

வழியில் மழை. சேற்றில் ஒரு தள்ளுவண்டி புதைந்து நின்றது. ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று தோள்கொடுத்துத் தள்ளிவிட்டு ஓடினார். தேர்தல் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

சரி, தோற்றுவிடலாம் என்று வீடு வீடாகக் கிளம்பினார். மழை மூட்டத்தில் தெருக்கள் பாதித் தூக்கத்தில் இருந்தன. வீடுகள் தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரிந்தன.

"எனக்குக் குடையைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. எதிர்க்கட்சித் தையல்கார அம்மாவுக்கே போடுங்க."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற வேட்பாளரை இப்பத்தான்யா பாக்கிறோம்! உங்களைப் பத்தி ஒசத்தியாச் சொன்னாங்க, சரியாத்தான் இருக்கு."

"யார் சொன்னது?"

அதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

தெருமுனையில் தையல்கார அம்மா, காற்றில் மடங்கிய குடையோடு கனவில் வருபவர்போல நின்றிருந்தார். இவர் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, கைகூப்பி நகர்ந்தார். ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"எதிராளிக்கே குடை பிடிக்கிறாரே!" என்று ஊரே உருகியது.

குடைக்காரர் ஜெயித்துவிட்டார்.

வீட்டுக்குத் திருடனைப்போல நுழைந்தார். மனைவி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முழிக்கிறீங்க? நானும் வர்றேன். மிச்சச் சண்டையை அங்க போட்டுக்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோற்றவரிடம் மன்னிப்புக் கேட்கத் தையல்கார அம்மா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அவர் கணவர் இவர் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க. அம்மாதான் ஜெயிக்கணும்னு நான் தெருத்தெருவா..." என்று இழுத்தார் குடைக்காரர்.

"அடப் பாவமே! அவளும் பேருக்குத்தாங்க மனு கொடுத்தா. 'அந்தக் குடைக்காரருக்கே போடுங்க'ன்னு தெருத்தெருவா அலைஞ்சா. அவ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"